கெட்டிப்பட்ட எண்ணெயை வெயிலில் இளக்கி உறிஞ்சும் கறுப்புப் பஞ்சு

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே அதிகாலை நேரத்தில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிக் கொண்டிருந்தது பி.டபிள்யூ. மேப்பிள். பெட்ரோலியப் பொருட்களுடன் உள்ளே வந்துகொண்டிருந்தது டான் காஞ்சிபுரம். பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்றுதான் முதலில் செய்தி வந்தது. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர் பகுதிக் குப்பங்களின் கற்கரையில் கறுப்பாக, தடிமனாக, சேறு போல எண்ணெய் வந்து ஒதுங்கியது. அது கப்பலின் எஞ்சினுக்கான கனரக எரிபொருள்.

அதன்பின் நடந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மீனவர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள், கடலோரக் காவல்படையினர் எனப் பலரும் வரிசையில் நின்று பிளாஸ்டிக் வாளிகளால் எண்ணெயை மொண்டு கைமாற்றினார்கள். உறிஞ்சும் லாரிகளும் வந்தன. ஆனால் சாக்கடை நீரை இழுக்கும் குழாய்க்குள் இந்தக் கெட்டிக் குழம்பு எளிதில் ஏறவில்லை. செயற்கைக்கோள் ஏவும் நாடு வாளியோடு கடற்கரையில் நிற்கிறதே என்று பலர் கேலி பேசினார்கள். கேலியில் நியாயம் இருந்தாலும், அந்த வாளிக்குப் பின்னால் ஓர் அறிவியல் சிக்கலும் இருந்தது. கெட்டியான எண்ணெயை எந்தக் கருவியாலும் எளிதில் உறிஞ்ச முடியாது. உலகின் பணக்கார நாடுகளும் இதே சிக்கலில்தான் திணறுகின்றன.

அந்தச் சிக்கலுக்கு வெயிலைக் கொண்டு விடை தேடும் ஆய்வுகள் கடந்த பத்தாண்டுகளில் பல நாடுகளில் நடந்து வருகின்றன. அவற்றை எளிய முறையில் இங்கே பார்ப்போம்.

பிரியாணி தேக்சா சொல்லும் பாடம்

கல்யாண வீட்டில் சமையல் முடிந்த பிரியாணி தேக்சாவை மறுநாள் காலை பச்சைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்கு இந்த அறிவியலை விளக்கவே தேவையில்லை. கொழுப்பு உறைந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கும், நார் போட்டுத் தேய்த்தாலும் நகராது. ஒரு குடம் வெந்நீரை ஊற்றினால் இளகி ஓடிவிடும். கொழுப்பின் அளவு மாறவில்லை, அதன் பாகுத்தன்மை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பைத்தான் பாகுத்தன்மை என்கிறோம். தண்ணீரை ஒன்று என்று வைத்துக்கொண்டால், தேன் பல ஆயிரம் மடங்கு. கனரகக் கச்சா எண்ணெயும் கப்பல் எரிபொருளும் ஆயிரத்தில் தொடங்கி லட்சம் மடங்கு வரை போகும். போதாக்குறைக்கு, கடலில் கொட்டிய எண்ணெய் கொட்டியபடியே இருப்பதில்லை. அதிலுள்ள இலேசான பகுதிகள் முதல் ஓரிரு நாட்களிலேயே ஆவியாகிவிட, கனமானவை மிஞ்சுகின்றன. அலை அடிக்க அடிக்க எண்ணெய்க்குள் கடல்நீர்த் துளிகள் புகுந்து, தயிரைக் கடைந்தது போன்ற கூழாகிறது. அந்தக் கூழில் முக்கால் பங்கு வரை தண்ணீர் இருக்கலாம். அதாவது கொட்டியது நூறு டன் என்றால் அள்ள வேண்டியது நானூறு டன். அதுவும் முன்பைவிடக் கெட்டியாக.

சாதாரணப் பஞ்சு எண்ணெயை எப்படிக் குடிக்கிறது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். நுண்ணிய துளைகளின் வழியே திரவம் தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. இலேசான டீசல் என்றால் நொடிகளில் உள்ளே போய்விடும். தார் போன்ற எண்ணெய் என்றால் பஞ்சின் மேற்பரப்பிலேயே அப்பிக்கொண்டு துளை வாய்களை அடைத்துவிடும். உள்ளே முழுக்க இடம் காலியாக இருக்கும், எண்ணெய் நுழையாது. தன் எடையைப் போலப் பல பத்து மடங்கு எண்ணெய் பிடிக்கும் என்று விற்கப்படும் பஞ்சும் இந்த இடத்தில் கைவிரித்துவிடும்.

நுழையாத எண்ணெயை நுழைய வைக்க ஒரே வழி அதைச் சூடாக்குவது. நடுக்கடலில் யார் வெந்நீர் ஊற்றுவது?

மின்சாரத்தில் தொடங்கி வெயிலுக்கு வந்த கதை

2017இல், எண்ணூரில் வாளி ஏந்திய அதே ஆண்டில், சீனாவின் ஹெஃபெய் நகரிலுள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யூ ஷூ-ஹோங் தலைமையிலான குழு ஒரு பஞ்சை உருவாக்கி, ‘நேச்சர் நானோடெக்னாலஜி’ இதழில் அறிவித்தது. பஞ்சின் இழைகளைச் சுற்றி கிராஃபீன் என்ற மெல்லிய கரிப் படலத்தைப் போர்த்தினார்கள். கிராஃபீன் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாய்ச்சினால் இஸ்திரிப்பெட்டி போலப் பஞ்சே சூடாகும். அதைத் தொடும் எண்ணெய் இளகி உள்ளே ஓடும். சூடாக்காத பஞ்சோடு ஒப்பிட்டபோது, எண்ணெயை உறிஞ்ச ஆன நேரம் 94.6 சதவீதம் குறைந்தது. ஒரு மணி நேர வேலை மூன்றரை நிமிடத்துக்குள் முடிவதைப் போன்றது இது.

நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் உப்புநீர் மேல் மின்கம்பிகளோடு பஞ்சை மிதக்கவிடுவது நடைமுறையில் எளிதல்ல. அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருக்கிறது. கரி என்பது கறுப்பு. கறுப்பு வெயிலை விழுங்கும். அப்படியிருக்க மின்சாரம் எதற்கு என்று அடுத்த ஆண்டிலேயே சில குழுக்கள் கேட்டன.

அவற்றுள் ஒன்று நம் வாசகர்கள் பலருக்கும் பழக்கமான மண்ணில் இருக்கிறது. ஜித்தாவுக்கு வடக்கே, செங்கடல் ஓரத்தில் துவல் என்ற ஊரில் உள்ள மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அது. உம்ராவுக்குப் போகும்போது நாம் இறங்கும் ஜித்தாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவுதான். அங்கே பெங் வாங் என்ற ஆய்வாளரின் குழு, வெயிலில் தானே சூடாகிக் கனரக எண்ணெயை உறிஞ்சும் பஞ்சைப் பற்றி 2018இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. எண்ணெய் வளமும் வெயில் வளமும் ஒருசேர உள்ள நாட்டில் இந்த ஆய்வு நடப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

இவ்வகைப் பஞ்சுகளுக்கு அடிப்படைப் பொருள் பெரும்பாலும் மெலமைன் நுரை. சுவர்க்கறை துடைக்கக் கடைகளில் விற்கிறார்களே, அந்த வெள்ளை நுரைக்கட்டி. அதன் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் காற்றுதான். அதன் இழைகளின் மேல் கரித்தூளையோ, கிராஃபீனையோ, வேறு கறுப்புப் பூச்சையோ ஏற்றுகிறார்கள். அத்துடன் தண்ணீரை விலக்கி எண்ணெயை மட்டும் ஏற்கும் ஒரு பூச்சும் சேர்கிறது. சேப்ப இலைமேல் தண்ணீர் உருண்டோடுவது போல இதன்மேல் கடல்நீர் ஒட்டாது. எண்ணெய் மட்டும் ஒட்டும்.

இந்தப் பஞ்சை எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்க விட்டால், விழும் ஒளியில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலாக விழுங்கிக்கொள்கிறது. ஆய்வகத்தில், உச்சி வெயிலுக்கு நிகரான ஒளியில், அதன் மேற்பரப்பு சில நிமிடங்களில் அறுபது டிகிரியைத் தாண்டிவிடும். பஞ்சுக்குள் இருக்கும் காற்று நல்ல வெப்பத்தடுப்பு. அதனால் சூடு கீழே கடலுக்குள் போய்க் கரைந்துவிடாமல் பஞ்சிலேயே தங்குகிறது. தொட்ட எண்ணெய் இளகி உள்ளே ஏறுகிறது. ஏறிய எண்ணெயும் கறுப்புதான் என்பதால் அதுவும் வெயிலை வாங்கிச் சூடாகிறது. பிறகு பஞ்சைப் பிழிந்து எண்ணெயை எடுத்துவிட்டு மறுபடியும் பயன்படுத்தலாம். ஒரு குழாயைச் செருகிப் பம்பு வைத்தால், பஞ்சு வடிகட்டி போல நின்றுகொண்டு தொடர்ந்து எண்ணெயை இழுத்துத் தரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு வரும் ஆற்றல் ஏறத்தாழ ஆயிரம் வாட். ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் இரண்டு கிலோஜூல் வேண்டும். நாற்பது டிகிரி ஏற்ற எண்பது கிலோஜூல். அதாவது ஒரு பாய் அளவுகூட இல்லாத பஞ்சு, கணக்குப்படி எண்பது நொடியில் ஒரு கிலோ எண்ணெயை இளக்கும் சூட்டைப் பெற்றுவிடுகிறது. காற்றுக்கும் கடலுக்கும் போகும் இழப்பைச் சேர்த்தால் சில நிமிடங்கள் ஆகலாம். டீசலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அல்லாஹ் இலவசமாகத் தந்த வெயில் போதும்.

இப்போது கடலில் என்ன செய்கிறார்கள்?

எண்ணெய் கொட்டினால் முதலில் மிதவை வேலி போட்டுப் பரவாமல் தடுப்பார்கள். அதற்குள் சிக்கியதை அள்ளும் கருவிகள் வைத்து வழிப்பார்கள். அமைதியான கடலில், அடர்த்தியான படலம் என்றால் சில இடங்களில் கொளுத்தியும் விடுவதுண்டு. வேதிப்பொருள் தெளித்துச் சிறு துளிகளாகச் சிதறடிப்பது இன்னொரு முறை. 2010 ஏப்ரல் 20இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்த விபத்தில் இத்தனை முறைகளும் பயன்பட்டன. உலகின் மிகப் பெரிய படையெடுப்பு போலக் கப்பல்கள் திரண்டன. அப்படியும், ஏறத்தாழ 49 லட்சம் பீப்பாய் கசிந்ததில் கருவிகளால் வழித்தெடுத்தது மூன்று சதவீதம், கொளுத்தியது ஐந்து சதவீதம் என்பதுதான் அமெரிக்க அரசின் மதிப்பீடு. சிதறடிக்கத் தெளித்த வேதிப்பொருள் மட்டும் 18 லட்சம் கேலன். எண்ணெய் கண்ணுக்கு மறைந்ததே தவிர, கடலைவிட்டுப் போகவில்லை.

உறிஞ்சு பஞ்சின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. அது எண்ணெயை மறைப்பதில்லை, கடலிலிருந்து வெளியே எடுக்கிறது.

இந்த யோசனைக்கு ஏழைகளின் வடிவமும் உண்டு. 2020 ஜூலை 25இல் மொரீஷியஸின் தென்கிழக்குப் பவளத்திட்டில் வகாஷியோ என்ற கப்பல் தரைதட்டியது. பன்னிரண்டு நாள் கழித்து எண்ணெய் கசியத் தொடங்கி, ஏறத்தாழ ஆயிரம் டன் கடலில் கலந்தது. அரசுக்காகக் காத்திராமல் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்து நீளநீளமான மிதவைகளாகத் தைத்தார்கள். முடியை வெட்டிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், மனித முடியும் எண்ணெயைப் பிடிக்கும். நம் பக்கத்திலும் இதற்கு ஏற்ற ஒரு பொருள் இருக்கிறது. தேனி, போடி பக்கம் விளையும் இலவம்பஞ்சு. அதன் இழைமேல் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு. தண்ணீரில் நனையாது, தன் எடையைப் போல முப்பது நாற்பது மடங்கு எண்ணெய் குடிக்கும். ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் அதைத்தான் அடைத்தார்கள். மெலமைன் நுரைக்குப் பதிலாக மரநார், பருத்தி போன்ற இயற்கைப் பொருட்களைக் கறுப்பாக்கி வெயில் பஞ்சு செய்யும் ஆய்வுகளும் நடக்கின்றன. நம் ஊர்க் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் இலவம்பஞ்சைக் கையிலெடுத்தால் நல்லது என்பது நம் ஆசை.

எங்கே கைகொடுக்காது?

இரவில் வெயில் இல்லை. மேகமூட்டத்தில் பாதிப் பலன்தான். இந்தக் குறையைத் தீர்க்கப் பகலில் வெயிலிலும் இரவில் மின்சாரத்திலும் சூடாகும் கலப்புப் பஞ்சுகளைச் சிலர் செய்து பார்க்கிறார்கள். ஆனால் நம் கடற்கரையைப் பொறுத்தவரை இது சின்னக் குறையல்ல. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின. கூழைக்கடாக்களின் சிறகுகளில் எண்ணெய் அப்பியிருந்தது. புயல் ஓய்ந்த மறுநாளே வெயில் பஞ்சோடு போயிருந்தாலும், வானம் ஒத்துழைத்திருக்குமா என்பது சந்தேகமே.

பெட்ரோல், நாப்தா போன்ற இலேசான எண்ணெய் கசிந்தால் இந்தப் பஞ்சைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அவற்றைச் சூடாக்கினால் ஆவி கிளம்பித் தீப்பிடிக்கும். இது கெட்டி எண்ணெய்க்கான மருந்து.

அளவு என்பது இன்னொரு பெரிய தடை. இதுவரை வெளியான சோதனைகள் பெரும்பாலும் உள்ளங்கை அளவுப் பஞ்சை வைத்துக் கண்ணாடிக் குடுவைகளிலும் சிறு தொட்டிகளிலும் நடந்தவை. அலையும் காற்றும் மிதக்கும் குப்பையும் உள்ள கடலில், ஏக்கர் கணக்கில் இதைப் பரப்பித் திரும்ப எடுப்பது வேறு கதை. மேலே பூசிய கரி பலமுறை பிழிந்தபின் உதிர்ந்தால் அதுவே ஒரு மாசு. மெலமைன் நுரையும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். பிழிந்தெடுத்த எண்ணெயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. 2017இல் எண்ணூரில் அள்ளிய சேற்றைத் துறைமுக வளாகத்தில் குழியிலிட்டு, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களைக் கொண்டு மட்கச் செய்தார்கள். அந்த வேலை அள்ளியதைவிட நீண்டது.

ஆகவே ‘கடல் எண்ணெய்க்குத் தீர்வு கண்டுபிடித்தாகிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை அப்படியே நம்ப வேண்டாம். வெயில் பஞ்சு முதலில் பயன்படப் போவது பெருங்கடலில் அல்ல என்பது நம் கணிப்பு. எர்ணாவூரில் பார்த்தோமே, கற்களுக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே அலை அடங்கிய மூலைகளில் தேங்கி நின்ற எண்ணெய், அது போன்ற இடங்களில்தான். ஜனவரி கடைசியில் சென்னையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வாளியோடு நின்றவர்கள் கையில் கறுப்புப் பாய்கள் இருந்திருந்தால் பாதி நாட்களில் வேலை முடிந்திருக்கக்கூடும்.

இது நமக்கு ஏன் முக்கியம்?

நிலத்திலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதனின் செயல்களே காரணம் என்று திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் 41ஆம் வசனம் எச்சரிப்பதை நாம் அறிவோம். ஜும்ஆ உரைகளில் கேட்ட அந்த எச்சரிக்கையை நம் சமுதாயத்தினர் பலர் கண்ணாலும் பார்த்திருக்கிறார்கள். 1991 வளைகுடாப் போரின்போது குவைத்திலிருந்து கடலில் விடப்பட்ட பல லட்சக்கணக்கான பீப்பாய் எண்ணெய் சவூதியின் கிழக்குக் கரையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் படிந்தது. ஜுபைலில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் வாயிலுக்கு எண்ணெய் வந்துவிடாமல் மிதவை வேலிகள் போட்டுக் காத்தார்கள். நம்மவர் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் ஊர் அது. அப்பகுதியின் உப்புச் சதுப்புகளில் பல ஆண்டுகள் கழித்தும் தோண்டினால் எண்ணெய் ஊறியது.

குடிநீர் ஆபத்து வளைகுடாவுக்கு மட்டும் உரியதல்ல. எண்ணூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுள்ள ஆலை 2010இல் இயங்கத் தொடங்கியது. வடசென்னைக் குழாய்களுக்கான தண்ணீரில் அந்தக் கடலின் பங்கும் சேர்ந்தது.

இலங்கை வாசகர்களுக்கு 2020 செப்டம்பர் 3 நினைவிருக்கும். குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்கு ஏறத்தாழ 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் போய்க்கொண்டிருந்த நியூ டயமண்ட் கப்பல், அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு நேரே கடலில் தீப்பிடித்தது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இரு நாட்டுப் படையினரும் சேர்ந்து தீயை அணைத்தார்கள். கப்பலின் சொந்த எரிபொருள் மட்டும் கசிந்து படலமானது. சரக்குத் தொட்டிகள் தப்பின. அவை உடைந்திருந்தால் பொத்துவில் முதல் கல்முனை வரை கரைவலை இழுக்கும் குடும்பங்களின் நிலை என்னவாகியிருக்கும்? ஏமன் கரையோரம் துருப்பிடித்துக் கிடந்த சேஃபர் என்ற கப்பலிலிருந்த 11 லட்சம் பீப்பாய்க்கு மேற்பட்ட எண்ணெயை, அது உடையும் முன்பே ஐ.நா. 2023 ஆகஸ்டில் வேறு கப்பலுக்கு மாற்றி முடித்தது. எந்தப் பஞ்சாலும் ஆகாத காரியம் அது. கொட்டாமல் காப்பதே மலிவு என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நம் ஊர்க் கரையில் எண்ணெய் ஒதுங்கினால்

இந்தியக் கடலில் எண்ணெய்க் கசிவுக்கான பொறுப்பு கடலோரக் காவல்படையுடையது. அவர்களின் இலவச அழைப்பு எண் 1554. கரைக்கு வந்துவிட்டால் மாவட்ட நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பொறுப்பு. சீக்கிரம் தெரிவிப்பதுதான் முக்கியம், எண்ணெய் ஒவ்வொரு மணி நேரமும் கெட்டியாகிக் கொண்டே போகும்.

உதவ நினைக்கும் இளைஞர்கள் வெறுங்கையோடு இறங்க வேண்டாம். ரப்பர் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், முகக்கவசம் இல்லாமல் தொடக் கூடாது. 2017இல் பலர் வெறுங்கையால் அள்ளிவிட்டுக் கண்ணெரிச்சலும் தோல் அரிப்பும் வந்து தவித்தார்கள். தோலில் ஒட்டிய எண்ணெயை மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ துடைக்காதீர்கள். சமையல் எண்ணெயைத் தடவி இளக்கித் துணியால் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினாலே போதும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் காற்றின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மீன் வாங்கலாமா என்று பெண்கள்தான் முதலில் கேட்பார்கள். ஆழ்கடல் மீன்கள் பெரும்பாலும் படலத்தை விட்டு விலகிப் போய்விடும். முகத்துவாரத்திலும் சேற்றிலும் வாழும் நண்டு, இறால், மட்டி, சிப்பி போன்றவற்றில்தான் கவனம் தேவை. தண்ணீரை வடிகட்டி உண்ணும் சிப்பிகள் எண்ணெயின் நச்சுப் பொருட்களை உடலில் சேர்த்துக்கொள்ளும். சமைக்கும்போது மண்ணெண்ணெய் வாடை வந்தால் அந்தச் சட்டியைக் கொட்டிவிடுங்கள், மசாலாவால் மறைக்க வேண்டாம். பாதிக்கப்பட்ட கழிமுகத்தின் சிப்பியையும் மட்டியையும் மீன்வளத் துறை சோதித்துச் சொல்லும்வரை வாங்காமல் இருக்கலாம். அதற்காக மற்றக் கடற்கரைகளிலிருந்து வரும் மீனையும் சேர்த்து ஒதுக்கினால், கசிவோடு எந்தத் தொடர்பும் இல்லாத மீனவக் குடும்பங்களின் அடுப்பும் அணைந்துபோகும். எந்தக் கரையில் பிடித்தது என்று கேட்டு வாங்கினால் போதும்.